அட்டைப் போட்டி மங்காவை எப்படிப் படிப்பது?

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் படித்துப் பழகியவர்கூட, போட்டி அட்டை விளையாட்டை மையமாகக் கொண்ட தொடர் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது ஓரிடத்தில் தடுமாறிவிடுவார். குத்துச்சண்டையோ கால்பந்தோ இடம்பெறும் மங்காவில் யார் முந்துகிறார், யார் தளர்கிறார் என்பதை உடல்களே காட்டிவிடும். அட்டை விளையாட்டிலோ இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள், ஒரு கை அசைகிறது, ஓர் அட்டை பறக்கிறது, சுற்றியிருப்பவர்கள் திகைக்கிறார்கள். ஏன் திகைக்கிறார்கள் என்பது விதி தெரிந்தவருக்கே விளங்கும். விதி தெரியாதவர் முகபாவங்களை மட்டும் நம்பிப் பக்கங்களைப் புரட்டுகிறார். அவருக்குக் கதை நகர்வது தெரிகிறது, ஆட்டம் நகர்வது தெரிவதில்லை. நானும் அப்படித்தான் ஒரு தொடரின் முதல் சில தொகுதிகளைப் படித்தேன். பிறகு ஒரே ஒரு கருத்தைப் புரிந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தபோது, அது வேறொரு நூலாகவே இருந்தது. அந்த ஒரு கருத்தை, மங்கா உலகுக்கே புதியவருக்கும் எட்டும்படி விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அட்டை விளையாட்டு மங்காக்களில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒருவகையில் ஆட்டத்தையும் ஆசிரியரே உருவாக்குகிறார். கசுக்கி டக்காஹாஷி 1996 முதல் 2004 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடராக எழுதி வரைந்த ‘யூகியோ’ இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 38 தொகுதிகள் கொண்ட அந்தத் தொடர் தொடக்கத்தில் பலவகை விளையாட்டுகளைப் பற்றியதாகவே இருந்தது. அட்டைச் சண்டை பின்னர்தான் அதன் உயிர்நாடியானது. கதையில் பிறந்த அந்த ஆட்டத்தை கொனாமி நிறுவனம் 1999இல் ஜப்பானில் உண்மையான அட்டை விளையாட்டாக வெளியிட்டது. மங்காவில் ஒரு கட்டத்தில் வீரர்கள் 2000 உயிர்ப்புள்ளிகளோடு மோதுகிறார்கள். கடைகளில் விற்கும் ஆட்டத்திலோ தொடக்கப் புள்ளி 8000. கதைக்கு வேண்டியபடி விதிகள் வளைந்தும் வளர்ந்தும் வருவதால், இத்தகைய தொடரைப் படிப்பவர் விதிகளை முன்கூட்டியே கற்க வேண்டியதில்லை. அடுத்து எந்த அட்டை வரும், அது என்ன செய்யும் என்பதை ஆசிரியரே அந்தந்த இடத்தில் சொல்லிக்கொண்டு போவார்.

மற்ற வகையில் ஆட்டம் கதைக்கு முன்பே இருக்கிறது. விதிகள் கதைக்கு வெளியே, உண்மையான போட்டிக் கூடங்களில், ஆசிரியரால் மாற்ற முடியாதபடி நிலைபெற்றிருக்கின்றன. யூக்கி சுவெட்ஸுகு எழுதி வரைந்த ‘சிஹயாஃபுரு’ இந்த வகையைச் சேர்ந்தது. கோடான்ஷா பதிப்பகத்தின் ‘பி லவ்’ இதழில் 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2022இல் நிறைவடைந்த இத்தொடர் 50 தொகுதிகளாக வந்துள்ளது. 2009இல் மங்கா டைஷோ விருதையும் 2011இல் கோடான்ஷா மங்கா விருதையும் பெற்றது. தொடங்குபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இதில் வரும் ஆட்டத்தின் விதிகள் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த விதிகளுக்குள் இருக்கும் ஆழம் பெரிது. இனி இக்கட்டுரை முழுவதும் இந்த ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

அட்டையும் செய்யுளும்

அந்த ஆட்டத்தின் பெயர் போட்டிக் கருட்டா. ‘கருட்டா’ என்னும் சொல், 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்த போர்த்துக்கீசியரின் ‘கார்ட்டா’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சீட்டாட்டம் என்றதும் நம் மனத்தில் எழும் எதுவும் இங்கே பொருந்தாது. இதில் அரசன், அரசி இல்லை, எண்கள் இல்லை, பணயம் இல்லை. இதிலுள்ளவை நூறு செய்யுள்கள் மட்டுமே. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ டெய்கா என்னும் கவிஞர் நூறு கவிஞர்களைத் தேர்ந்து, ஆளுக்கொரு செய்யுள் எடுத்துத் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘ஹியாக்குனின் இஷ்ஷு’ என்ற தொகை நூலே இந்த ஆட்டத்தின் அடிப்படை. ‘நூறு பேர், ஒரு செய்யுள்’ என்பதே அந்தத் தலைப்பின் பொருள். செய்யுளை எண்ணும்போது பயன்படுத்தும் ‘ஷு’ என்ற அதே அலகினால்தான் சிஹயாஃபுருவின் அத்தியாயங்களும் எண்ணப்படுகின்றன. முதல் அத்தியாயம் அங்கே ‘முதற்செய்யுள்’ ஆகிறது. பக்கத்தைத் திறந்தவுடனேயே ஆசிரியர் செய்யுளுக்குத் தரும் மரியாதை புலப்படும் இடம் அது.

ஒவ்வொரு செய்யுளும் 5, 7, 5, 7, 7 என்ற கணக்கில் 31 அசையெழுத்துகள் கொண்டது. ஜப்பானிய ஒலியெழுத்துகள் நம் உயிர்மெய்யைப் போலவே மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்பவை ஆதலால், தமிழ் வாசகருக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்: ‘சி–ஹ–ய–ஃபு–ரு’ என்றால் ஐந்து எழுத்து. முதல் மூன்று அடிகள் மேற்பகுதி. கடைசி இரண்டு அடிகள் கீழ்ப்பகுதி. ஆட்டத்துக்கு இருநூறு அட்டைகள் தேவை. நூறு அட்டைகளில் முழுச் செய்யுளும் கவிஞரின் படமும் இருக்கும். அவை, ஆட்டத்தில் செய்யுளை உரக்கப் படிக்கும் வாசிப்பவரின் கையில் இருப்பவை. மற்ற நூறில் கீழ்ப்பகுதி மட்டும், ஹிராகனா எனப்படும் ஒலியெழுத்தில், ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டும் குறிகள்கூட இல்லாமல் அச்சிடப்பட்டிருக்கும். அவை தரையில் பரப்பப்படுபவை. குறியில்லாத எழுத்து என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்கவே வேண்டாம். ‘க’ என்ற ஒரே எழுத்தை ‘கடல்’ என்பதில் ஒருவிதமாகவும் ‘தங்கம்’ என்பதில் வேறுவிதமாகவும் நாம் ஒலிப்பதைப் போன்றதுதான் அது. தொடரின் தலைப்பிலுள்ள ‘ஃபுரு’வைச் செய்யுளில் ‘புரு’ என்று அழுத்தி ஒலிப்பதும் இதே காரணத்தால்தான்.

இப்போது ஆட்டத்தின் மையச் சிக்கலைப் பாருங்கள். வாசிப்பவர் சொல்லத் தொடங்குவது மேற்பகுதி. தரையில் கிடப்பதோ கீழ்ப்பகுதி. காதில் விழும் எழுத்துகளுக்கும் கண்ணில் படும் எழுத்துகளுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. நூறு செய்யுள்களையும் மனப்பாடம் செய்தவர்தான் ஒன்றைக் கேட்டு மற்றொன்றை எடுக்க முடியும். ஆகவே மங்காவின் ஒரு படக்கட்டத்தில் வாசிப்பவரின் குரலாக ஒரு வரியும், அடுத்த கட்டத்தில் பறக்கும் அட்டையில் முற்றிலும் வேறொரு வரியும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே செய்யுளின் இரு பாதிகள்.

இருவர் ஆடும் ஆட்டம் இது. தரைக்குரிய நூறு அட்டைகளில் ஐம்பது மட்டும் எடுக்கப்பட்டு, ஆளுக்கு 25 வீதம் பிரிக்கப்படும். ஒவ்வொருவரும் தம் 25 அட்டைகளை 87 சென்டிமீட்டர் அகலத்துக்குள் மூன்று வரிசைகளாக, தமக்கு வசதியான ஒழுங்கில் அடுக்குவர். பிறகு 15 நிமிடத்தில், தம் அட்டைகளும் எதிரியின் அட்டைகளும் எங்கெங்கே உள்ளன என்பதை மனத்தில் பதிப்பர். மீதி ஐம்பது அட்டைகள் பெட்டியிலேயே இருக்கும். ஆனால் அவற்றின் செய்யுள்களும் வாசிக்கப்படும். தரையில் இல்லாத அட்டையின் செய்யுள் வாசிக்கப்பட்டால், எதையும் தொடாமல் இருப்பதே திறமை. தம் பக்கத்து அட்டைகள் அனைத்தையும் முதலில் தீர்ப்பவர் வெல்வார்.

கிமாரிஜி என்னும் திறவுகோல்

இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட அந்த ஒரே கருத்து வருகிறது. அதற்குக் கிமாரிஜி என்று பெயர். இது எந்தச் செய்யுள் என்பது உறுதியாகும் எழுத்து எதுவோ, அதுவரையான எழுத்துகளே கிமாரிஜி. ஒரு தமிழ் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கடல், கடமை, கனவு, காற்று என்ற சொற்களில் தொடங்கும் நான்கு செய்யுள்கள் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். வாசிப்பவர் ‘கா’ என்று நெடிலாக ஒலித்த கணமே அது காற்றுச் செய்யுள் என்று தெரிந்துவிடும்; அதற்கு ஓரெழுத்தே போதும். ‘க’ என்று குறிலாக ஒலித்தால் காத்திருக்க வேண்டும். அடுத்த எழுத்து ‘ன’ என்றால் அது கனவு, இரண்டெழுத்தில் முடிந்தது. ‘ட’ என்றால் இன்னும் ஒன்று பொறுக்க வேண்டும்: ‘ல்’ வந்தால் கடல், ‘மை’ வந்தால் கடமை. காற்றுக்கு ஓரெழுத்து, கனவுக்கு இரண்டு, கடலுக்கும் கடமைக்கும் மூன்று. ஒவ்வொரு செய்யுளுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு.

நூறு செய்யுள்களில் ஓரெழுத்தில் உறுதியாகுபவை ஏழு, இரண்டெழுத்தில் 42, மூன்றெழுத்தில் 37, நான்கெழுத்தில் 6, ஐந்தெழுத்தில் 2, ஆறெழுத்தில் 6. ஓரெழுத்துச் செய்யுள்கள் ஏழின் முதலெழுத்துகளையும் வரிசையாகக் கோத்து ‘முசுமெ ஃபுசஹொசெ’ என்று ஆட்டக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ‘முசுமெ’ என்பதற்கு மகள் என்று பொருள் அமைந்துவிட்டதால் அது நாவில் எளிதாக நிற்கிறது. மறுமுனையில், ‘அ’ என்று தொடங்கும் செய்யுள்கள் மட்டும் 16 உள்ளன. அவற்றில் விடியற்காலையைக் குறிக்கும் ‘அசபொரகெ’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லால் தொடங்குபவை இரண்டு. ஆறாவது எழுத்து ‘அ’வா ‘உ’வா என்று கேட்ட பிறகே அவற்றைப் பிரித்தறிய முடியும். அந்த ஆறாவது எழுத்துக்காக இருவரின் கைகளும் அட்டையின் மேலே மிதந்து காத்திருக்கும் காட்சியை மங்காவில் பலமுறை காண்பீர்கள். அப்போது ஒருவர் தம் உள்ளங்கையை மதில்போல் வளைத்து அட்டையைச் சூழ்ந்துகொண்டால், அது எதிரியின் கை நுழையாமல் தடுக்கும் முறையான உத்தி.

இதுவரை சொன்னது பாதிதான். கிமாரிஜி ஆட்டம் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஆட்டம் போகப்போகச் சுருங்குகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் கடல் செய்யுள் ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இனிக் கடமைக்கு மூன்றெழுத்து தேவையில்லை. ‘கட’ என்ற இரண்டெழுத்தே போதும். கனவும் போய்விட்டதென்றால், ‘க’ என்ற ஒற்றை எழுத்திலேயே கடமையை எடுத்துவிடலாம். தொடரின் பெயருக்குக் காரணமான செய்யுளே இதற்கு உண்மையான சான்று. ‘சி’ என்று தொடங்குபவை மூன்று: ஒன்று ‘சிஹ’, மற்றவை ‘சிகிரிகி’, ‘சிகிரிஒ’. ஆட்டத்தின் தொடக்கத்தில் ‘சி’ என்று கேட்டுக் கையை நீட்டுபவர் சூதாடுகிறார். மற்ற இரண்டும் வாசிக்கப்பட்ட பிறகு அதே ‘சி’யில் கையை நீட்டாதவர் தூங்குகிறார். அட்டை மாறவில்லை, ஒலி மாறவில்லை. இதுவரை என்னென்ன போய்விட்டன என்ற நினைவு மட்டுமே மாறியிருக்கிறது. தரையில் இல்லாத அட்டைகளின் செய்யுள்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், யாரும் எதையும் எடுக்காமல் கடந்துபோகும் வாசிப்புகளைக்கூட வீரர் நினைவில் கொண்டாக வேண்டும்.

ஆகவே, வீரர்களின் மனத்தில் ஐம்பது அட்டைகளின் இடமும், ஒவ்வொன்றுக்கும் இந்த நொடியில் எத்தனை எழுத்து தேவை என்ற கணக்கும் ஒவ்வொரு வாசிப்புக்குப் பிறகும் திருத்தி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மங்காவில் ஒரு வீரர் இரண்டு வாசிப்புகளுக்கு இடையே எழுந்து நின்று மூச்சை இழுத்துவிடுவதாகவோ, கண்ணை மூடி உதடுகளை அசைப்பதாகவோ வரைந்திருந்தால் அதை இளைப்பாறுதல் என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது. உண்மையான ஆட்டம் நடப்பது அந்தக் கட்டங்களில்தான். இந்தக் கருத்தை அறிந்த பிறகு நான் முதலில் திரும்பிப் போய்ப் பார்த்தவை, முன்பு வெறும் இடைவெளி என்று தாண்டிப்போன அத்தகைய கட்டங்களையே.

கணக்கும் பிழையும்

புள்ளிக் கணக்கு எளிது. ஆனால் படிப்பவர் ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டியது. உங்கள் பக்கத்தில் உள்ள அட்டையை நீங்கள் எடுத்தால் உங்களிடம் ஒன்று குறையும். எதிரியின் பக்கத்தில் உள்ள அட்டையை எடுத்தால், உங்கள் அட்டைகளில் ஒன்றை அவருக்கு அனுப்பலாம். அப்போதும் குறைவது உங்களுடையதுதான். இரண்டிலும் பயன் ஒன்று என்றால், தொலைவில் உள்ள எதிரியின் அட்டையை ஏன் குறிவைக்க வேண்டும்? எந்த அட்டையை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமைதான் காரணம். ஒரே தொடக்கம் கொண்ட இணை அட்டைகள் இரண்டும் உங்களிடம் இருந்தால் ஒன்றை அனுப்பிப் பிரித்துவிடலாம். உங்கள் காதுக்கு நன்கு பழகிய அட்டையை எதிரியின் பக்கத்தில் வைத்து அங்கேயே வேட்டையாடலாம். கதையில் ஹராடா என்ற மூத்த பயிற்சியாளர் தாக்கும் கருட்டாவை வலியுறுத்துவதன் பொருள் இதுவே. ஆகவே, அட்டையை அனுப்பும் கட்டத்தில் அது எந்த அட்டை என்று பார்ப்பது, சதுரங்கத்தில் காய் நகர்வதைப் பார்ப்பதற்கு ஒப்பானது.

பிழை செய்தால் கணக்கு கடுமையாகிறது. வாசிக்கப்பட்ட அட்டை இல்லாத பக்கத்தில் தவறான அட்டையைத் தொட்டால், எதிரி உங்களுக்கு ஓர் அட்டையை அனுப்புவார். அவருக்கு ஒன்று குறைய, உங்களுக்கு ஒன்று கூட, இடைவெளி இரண்டாகிறது. நீங்கள் பிழை செய்த அதே வாசிப்பில் அவர் சரியான அட்டையையும் எடுத்துவிட்டால் இடைவெளி மூன்று. ஆனால் சரியான அட்டை இருக்கும் பக்கத்தில் அதனோடு வேறு அட்டைகளையும் தொட்டால் அது பிழையாகாது. அட்டையைத் தொட்டாலும் எல்லைக்கு வெளியே தள்ளினாலும் எடுத்ததாகவே கொள்ளப்படும் என்பதால், வீரர்கள் ஒரு வரிசையையே வாரி அடித்து, உரிய அட்டை மற்றவற்றோடு சேர்ந்து பறக்கும்படி செய்கிறார்கள். மங்காவில் அட்டைகள் சுவரில் போய் மோதுவது ஓவியரின் மிகைப்படுத்தல் என்று பலர் நினைப்பதுண்டு. விதியே அதற்கு இடம் தருகிறது. உண்மையான போட்டிகளிலும் அட்டைகள் அவ்வாறே பறக்கின்றன.

பெரும்பாலான ஆட்டங்களில் ஒவ்வோர் இணைக்கும் தனி நடுவர் இருப்பதில்லை. யாருடைய விரல் முதலில் பட்டது என்று இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ‘என்னுடையது’ என்று ஒருவர் உறுதியாகச் சொல்வதும், மற்றவர் ஒரு கணம் தயங்கி விட்டுக்கொடுப்பதும் ஆட்டத்தின் அங்கங்களே. அந்தத் தயக்கத்தில் ஒருவரின் குணம் வெளிப்பட்டுவிடுகிறது. சுவெட்ஸுகு அதைத் தவறவிடுவதில்லை.

ஒலியற்ற தாளில் ஒலியின் ஆட்டம்

அச்சிட்ட தாளில் ஒலி இல்லை. ஒலியையே முழுதும் நம்பிய ஓர் ஆட்டத்தை அதில் எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்விக்குத் தரப்படும் விடையில்தான் இந்த மங்காவின் கலை இருக்கிறது என்பது என் கருத்து. அதைக் காண, பக்கத்தைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: மேல் வலது மூலைக் கட்டம் முதலில், கீழ் இடது மூலைக் கட்டம் கடைசியில், ஒரு கட்டத்துக்குள் பேச்சுக் குமிழ்களும் அதே ஒழுங்கில். முற்காலத்தில் பிறமொழிப் பதிப்புகள் சில பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் புரட்டி அச்சிட்டதுண்டு. அப்படிச் செய்தால் வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். எந்தக் கையால் ஆடுகிறார் என்பதை ஒட்டியே அட்டைகளை அடுக்கும் ஓர் ஆட்டத்தில் அது சிறிய தவறன்று. ஆகவே மூலத்தின் திசையிலேயே அச்சான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டொரு அத்தியாயங்களில் கண் பழகிவிடும்.

வாசிப்பின் ஒழுங்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன், நூறில் சேராத ஒரு செய்யுள் வாசிக்கப்படும்; குளிர்காலத்தில் ஒடுங்கியிருந்த மலர் வசந்தத்தில் மலர்வதைப் பற்றியது அது. அதை யாரும் எடுப்பதில்லை. வாசிப்பவரின் குரலுக்கும் மூச்சுக்கும் தம் காதைப் பழக்கிக்கொள்ளவே வீரர்கள் அதைக் கேட்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய செய்யுளின் கீழ்ப்பகுதி திரும்ப வாசிக்கப்படும். ஒரு நொடி அமைதி. பிறகு புதிய செய்யுளின் முதல் எழுத்து. அந்த ஒரு நொடி அமைதியைப் பக்கத்தில் தேடுங்கள். பேச்சற்ற அகலமான கட்டமாகவோ, நிலைகுத்திய ஒரு கண்ணாகவோ, டாட்டாமிப் பாயின் மேல் ஊன்றிய விரல்களாகவோ அது வரும். அடுத்து, குரல் ஓரிரு எழுத்துகளாக மட்டும் தோன்றும். கை நகரும் கட்டத்தில் எத்தனை எழுத்துகள் ஒலித்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே வீரரின் வேகத்தை உங்களுக்குச் சொல்லிவிடும். நொடிக்கும் குறைவான நிகழ்வை இரண்டு பக்கங்களுக்கு விரித்துக்காட்டும் வாய்ப்பு மங்காவுக்கு உண்டு. அதை வேகமாகப் புரட்டிப் படிப்பவர் அந்த வாய்ப்பை வீணாக்குகிறார்.

கதைமாந்தரையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நாயகி சிஹயாவுக்கு நுண்ணிய செவி. எழுத்து முழுமையாக உருவாகுமுன் எழும் மூச்சொலியிலிருந்தே அது எதுவென்று உணர முயல்கிறாள். அவளுக்குக் கிமாரிஜி மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் குறுகியது என்று சொல்லலாம். டைச்சிக்கு நினைவாற்றல் பலம். எவை போய்விட்டன, எவை எஞ்சியுள்ளன என்ற கணக்கு அவனிடம் பிசகுவதில்லை. ஃபுக்குயியிலிருந்து வரும் அராட்டா, பட்டம் வென்ற தன் தாத்தாவின் நிழலில் ஆட்டம் கற்றவன். மகளிர் பட்டத்தை வைத்திருக்கும் ஷினோபு, அட்டைகள் சிதறாமல் உரிய ஒன்றை மட்டும் மெல்லப் பிரித்தெடுக்கும் துல்லியக்காரி. கனாடே செய்யுளின் பொருளில் தோய்ந்தவள்; சிஹயா வெறும் ஒலியாக அறிந்திருந்த அட்டைகளுக்கு நிறமும் பருவமும் தருபவள் அவளே. ‘தெய்வங்கள் உலவிய பழங்காலத்திலும் கேட்டதில்லை, டாட்ஸுட்டா ஆற்று நீர் செந்நிறச் சாயத்தில் முடிந்து தோய்த்ததுபோல் ஆவதை’ என்பது ஆரிவாரா நோ நரிஹிரா பாடிய 17ஆம் செய்யுளின் கருத்து. ஆற்றில் மிதக்கும் இலையுதிர்காலச் சிவப்பிலைகளைத் தீட்டிய திரை ஓவியத்தைப் பார்த்து எழுந்தது. ‘சிஹ’ என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால் இந்த ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த அட்டை பறப்பதைப் பார்க்கும் அனுபவமே வேறு.

கதை நடக்கும் இடங்களும் கற்பனையல்ல. சிதறியிருந்த ஆட்ட முறைகளை ஒழுங்குபடுத்தி 1904இல் டோக்கியோவில் போட்டி நடத்தியவர் பத்திரிகையாளர் குரோய்வா ருய்கோ. ஆண்களுக்கான மெய்ஜின் பட்டத்துக்கும் மகளிருக்கான குயின் பட்டத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஷிகா மாநிலத்தின் ஓட்ஸு நகரிலுள்ள ஓமி ஆலயத்தில் போட்டி நடக்கிறது. தொகை நூலின் முதற்செய்யுளைப் பாடியவராகக் கருதப்படும் பேரரசர் டென்ஜிக்கு உரிய ஆலயம் அது. கோடையில் உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியும் அங்கேயே நடக்கிறது. குழுப் போட்டியில் ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதுவர். ஐந்து ஆட்டங்களுக்கும் ஒரே வாசிப்பவர், ஒரே குரல். ஒருவர் எடுத்ததும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக் காட்டும் கட்டங்கள் ஏன் வருகின்றன என்பதை இது விளக்கும்.

தொடங்குபவர் நூறு செய்யுள்களையும் கற்க வேண்டியதில்லை. ஏழு ஓரெழுத்துகளையும், ‘சி’யில் தொடங்கும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதல் வாசிப்பில் கதைக்காகப் படியுங்கள். ஆட்டம் முடிந்தபின் அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி புரட்டி, கை நகர்ந்த இடங்களை எழுத்தெண்ணிப் பாருங்கள். செய்யுள் பொருளுக்காக இடையிடையே நின்றுவிட வேண்டாம். கனாடே வந்து சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இறுதியாக, ஆட்டங்களின் முடிவில் அவ்வப்போது வரும் ஒரு நிலையைச் சொல்லியாக வேண்டும். இருவரிடமும் ஆளுக்கோர் அட்டை மட்டும் எஞ்சும் நிலைக்கு ‘தலைவிதியின் போர்’ என்று பெயர். தம் ஒற்றை அட்டையின் அருகிலேயே கையை வைத்துக் காக்க முடியும் என்பதால், எவருடைய செய்யுள் வாசிக்கப்படுகிறதோ அவரே பெரும்பாலும் வெல்வார். இதை வெறும் குருட்டு அதிர்ஷ்டம் என்று கடந்துவிடத் தோன்றும். ஆனால் இன்னும் வாசிக்கப்படாத செய்யுள்கள் எத்தனை, தம் அட்டையோடு தொடக்கத்தைப் பகிர்ந்துகொண்டவை போய்விட்டனவா, எதிரியின் அட்டை இப்போது எத்தனையாவது எழுத்தில் உறுதியாகும் என்பனவெல்லாம் அங்கும் இருக்கின்றன. அத்தகைய பக்கம் வரும்போது அட்டையைப் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள்: அது தன் அட்டையின் மேல் கவிந்து காத்திருக்கிறதா, எதிரியின் பக்கம் பாயச் சாய்ந்திருக்கிறதா என்பதை ஓவியர் அங்கேயே வரைந்து வைத்திருப்பார்.